கால் டெசிபல்

போன வாரம் ஷாலினி என்ற பெண் போன் செய்தாள். சாலிகிராமத்தில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் அறை வைத்திருக்கிறாளாம். பழைய ஈக்வலைசர் ஒரு ஜோடி விலைக்கு வந்ததென்று வாங்கினாளாம். மூடியைத் திறந்தால் உள்ளே பெயிண்டில் 'மரியதாஸ், கோட்டைக்குப்பம்' என்று எழுதியிருந்ததாம். யார் யாரையோ கேட்டு என் எண்ணைப் பிடித்துவிட்டாள்.

"அங்கிள், பாஸ், மிட் ரெண்டும் பிரமாதமா வேலை செய்யுது. ட்ரெபிள் மட்டும் எவ்வளவு திருப்பினாலும் ஒண்ணுமே ஆகல. ரெண்டு பெட்டியிலயும் அப்படித்தான். பிரிச்சு சரி பண்ணிடட்டுமா?"

அது ரிப்பேர் இல்லையம்மா, வேண்டுமென்றே செய்தது, இப்போதைக்குத் தொடாதே என்றேன். ஏன் என்று கேட்டாள். போனில் சொல்லி முடிக்கிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒரு பக்கத்தில் முடியும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன்.

கோட்டைக்குப்பம் பழவேற்காட்டை ஒட்டிய ஊர். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல். என் நைனா இரண்டிலும் தொழில் செய்தவர். நான் படகில் கால் வைத்தாலே வாந்தி எடுப்பேன். வலைக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு இது என்ன கூத்து என்று ஊரே சிரித்தது. நைனா கொஞ்ச காலம் பொறுத்துப் பார்த்தார். "இவன் மீனுக்குத் தீனி போடத்தான் லாயக்கு" என்று சொல்லி ஐ.டி.ஐ.யில் ரேடியோ மெக்கானிக் படிப்பில் தள்ளிவிட்டார். அப்புறம் பொன்னேரியில் ஒரு ரேடியோ கடை. அங்கிருந்து கோடம்பாக்கத்தில் ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் மிஷின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஓய்வு பெறும்வரை அதே இடம்தான். காலையில் பஸ் ஏறித் திருப்பாலைவனம் வழியாகப் பொன்னேரி, அங்கே மின்சார ரயில். அனுப்பம்பட்டு வருவதற்குள் தூங்கிவிடுவேன். திரும்பும்போதும் தூக்கம்தான். ரயிலில் தூங்கிய மணிகளைக் கூட்டினால் அதற்கே தனியாக ஒரு பென்ஷன் தரலாம்.

அந்த ஸ்டூடியோவில் தலைமை சவுண்ட் இன்ஜினியர் ரகுநாதன் சார். கன்சோல் முன்னால் உட்காருவதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுப்பார். அதன் டிக் டிக் அவருக்குக் கேட்குமாம். எங்களுக்கெல்லாம் அதைக் காதில் வைத்து அழுத்தினால்தான் கேட்கும். யாரையும் பாராட்டிப் பேசி நான் பார்த்ததில்லை. ஒரு வேலை அருமையாக வந்திருந்தால் "சரி" என்பார். பிடிக்கவில்லை என்றால் திட்ட மாட்டார், "சாப்பிட்டியா?" என்பார். போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து முதலிலிருந்து செய் என்று அர்த்தம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் நன்றாகவே சதை போட்டேன்.

இந்த ஜோடி ஈக்வலைசர் ஸ்டூடியோவுடையது இல்லை, அவருடைய சொந்தம். இடது பக்கத்துக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று. பாட்டின் கனத்த ஓசை, நடு ஓசை, மெல்லிய கூரான ஓசை ஆகியவற்றைத் தனித்தனியாக ஏற்றவும் இறக்கவும் பாஸ், மிட், ட்ரெபிள் என்று மூன்று குமிழ். ஒவ்வொன்றும் பதினைந்து டெசிபல் ஏறும், பதினைந்து இறங்கும். மேடைக் கச்சேரிக்கு அது பொருத்தம்தான். முடிந்துபோன பாட்டுக்குக் கடைசியாக ஒரு சிட்டிகை உப்புப் போடுகிற வேலைக்கு அது கரண்டி. விரல் லேசாக நழுவினாலே ஒரு டெசிபல் போய்விடும். இடது பெட்டியும் வலது பெட்டியும் ஒன்றாக நிற்காது. நின்றாலும் மறுநாள் அதே இடத்துக்குக் கொண்டுவர முடியாது.

"தாஸ், எனக்கு அரை அரை டெசிபலா நிக்கணும். நாளைக்கு வந்து வச்சாலும் அதே இடத்துல நிக்கணும்" என்றார்.

ஷாலினி, நீ கேட்ட கேள்விக்கு இதெல்லாம் தேவையில்லைதான். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரிய வேண்டும். வழுக்கிக்கொண்டு திரும்புகிற குமிழை எடுத்துவிட்டு, படிப்படியாக 'டிக், டிக்' என்று நிற்கிற சுழல் சுவிட்சைப் போட்டேன். பக்கத்துப் பக்கத்துப் படிகளுக்கு நடுவே ஒவ்வொரு ரெசிஸ்டர். எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பு போட்டால் ஒத்துவராது. நடுவில் சோம்பலாக நகரும், ஓரத்தில் குதிக்கும். அதனால் நடுப் படிகளுக்குப் பெரிய மதிப்பு, ஓரத்துக்குப் போகப்போகச் சின்ன மதிப்பு. இரண்டு முனையிலும் ஒவ்வொரு ரெசிஸ்டரைக் காவலுக்கு நிறுத்தினால் முழுக்கத் திருப்பினாலும் எல்லை தாண்டாது. ரிட்சி ஸ்ட்ரீட்டில் ஒரே மாதிரி ரெசிஸ்டர்களை அள்ளிக்கொண்டு வந்து மீட்டரில் ஒவ்வொன்றாக அளந்து, இரட்டைப் பிள்ளைகள் போல இருப்பதை ஜோடி சேர்த்து இடதுக்கு ஒன்று வலதுக்கு ஒன்று வைத்தேன். சுவிட்சிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அடுத்த படியைத் தொட்ட பிறகுதான் பழைய படியை விடவேண்டும். முதலில் விட்டுவிட்டுப் பிறகு தொடுகிற வகையாக இருந்தால், பாட்டு ஓடும்போது திருப்பினால் 'டப்' என்று அடிக்கும். முதலில் வாங்கிவந்தது அந்த வகைதான். சார் ஒரே ஒரு தரம் திருப்பினார். "சாப்பிட்டியா?" என்றார்.

இந்த வேலையையெல்லாம் என் வீட்டில்தான் செய்தேன். உப்புக் காற்று சுவிட்சின் வெள்ளித் தகடுகளைக் கறுக்க வைக்கும் என்பதால் எல்லாம் பால்பவுடர் டப்பாவுக்குள் இருக்கும். ஆனால் அதே உப்பு மண்ணால் ஒரு லாபம். எர்த் கம்பியை எங்கள் தரையில் இறக்கினால் இரைச்சல் சுத்தமாகப் போய்விடும். கோடம்பாக்கத்தில் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டிருக்கும் பெட்டி எங்கள் வீட்டில் வாயைத் திறக்காது. இதை ஸ்டூடியோவில் பலமுறை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஒருவரும் பொருட்படுத்தியதில்லை.

வேலை முடிந்ததும் ஒரு பரீட்சை உண்டு. சார் பெட்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஹெட்போனோடு உட்காருவார். நான் ஏதாவது ஒரு குமிழை ஒரு படி நகர்த்த வேண்டும், அல்லது கையை மட்டும் வைத்துவிட்டு எடுத்துவிட வேண்டும். அவர் சொல்வார், "ஏத்தின." "இறக்கின." "சும்மா கைய வச்ச." ஒருநாள் ஏமாற்றலாம் என்று ஏற்றிய கையோடு இறக்கிவிட்டேன். "போயிட்டு வந்த" என்றார். அந்த முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு சிரிப்பை அடக்கிய நாட்கள் என் வாழ்க்கையில் நல்ல நாட்கள்.

சாரின் மனைவி லலிதா அம்மா நன்றாகப் பாடுவார். சினிமாவுக்குப் பாடியதில்லை, பாட விரும்பியதுமில்லை. தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். ஸ்டூடியோ காலியாக இருக்கிற நேரங்களில் சார் அவரை அழைத்துவந்து மிச்சமான டேப்பில் பதிவு செய்து வைப்பார். அம்மா காலமானார். முதல் வருஷ நினைவு நாளுக்குள் அந்தப் பாட்டுகளை சிடியாகப் போட்டு, அவரிடம் படித்த பிள்ளைகளுக்கெல்லாம் கொடுக்க வேண்டும் என்று சார் முடிவு செய்தார்.

"அரை டெசிபல் ஜாஸ்தி தாஸ். கால் கால்னு பண்ணிக்கொடு" என்றார். அம்மாவின் குரலுக்கு அரைகூட அவருக்கு முரட்டுத்தனமாகப் பட்டது. பெட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து எல்லா ரெசிஸ்டரையும் மறுபடி மாற்றினேன். இப்போது கால் டெசிபல் படிகள். முழுக்கத் திருப்பினாலும் மூன்று டெசிபலைத் தொடாது. முடிந்தது என்று சொன்னேன். "நானே வரேன். இது வீட்டு வேலை, ஸ்டூடியோவுல வேண்டாம்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பொன்னேரி ஸ்டேஷனில், டேப்பில் இருந்த பாட்டுகளை ஏற்றிய லேப்டாப் பையோடு இறங்கினார். பஸ்ஸில் கூட்டிவந்தேன். என் மனைவி ஜெபமாலை, நாங்கள் கூப்பிடுவது ஜெபா, மடவை மீன் வாங்கிவைத்துக்கொண்டு காத்திருந்தாள். சார் மீன் தொட மாட்டார் என்று நான் சொல்ல மறந்திருந்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்பில் பருப்பை ஏற்றினாள்.

முன்னறையில் பலகை போட்டுப் பெட்டிகளை வைத்தேன். அவருக்கு ஒரு ஹெட்போன், எனக்கு ஒன்று. வழக்கம்போலக் கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார், முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அம்மாவின் பாட்டு ஓடியது. இரண்டு கையாலும் இரண்டு பெட்டியின் பாஸிலும் ஒரு படி ஏற்றினேன்.

"ஏத்தின."

மிட்டில் இரண்டு படி இறக்கினேன்.

"இறக்கின. ரெண்டு."

ட்ரெபிளில் ஒரு படி ஏற்றினேன். அவர் பேசவில்லை. கால் டெசிபல்தானே, யாருக்கும் தப்பும் என்று இன்னொன்று ஏற்றினேன். இன்னும் இரண்டு. பிறகு நிறுத்தாமல் கடைசிப் படிவரை போய்விட்டேன். என் காதில் அம்மாவின் 'ச'வும் 'ஸ'வும் ஊசியாகக் குத்தின.

"அடுத்தத ஆரம்பி தாஸ். ஏன் சும்மாவே நிக்கற?" என்றார்.

ஏற்றிவிட்டேன் சார், முழுக்க ஏற்றிவிட்டேன் என்றேன். அவர் திரும்பிக் குமிழைப் பார்த்தார். ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு இன்னொரு தரம் கேட்டார். அப்புறம் தலையாட்டினார்.

"நான் நெனச்சது சரி. டேப் தேஞ்சுபோச்சு. மேல ஒண்ணுமே மிச்சம் இல்ல. இல்லாதத ஏத்தினா என்ன கேக்கும்?" ஹெட்போனைக் கழற்றாமலே, "ஒவ்வொரு அடிக்கு முன்னாடியும் அவ ஒரு மூச்சு எடுப்பா, தாஸ். சின்னதா. அதுவும் போயிடுச்சு. அது இல்லாம அவ குரல் மாதிரியே இல்ல. கால் கால்னு கேட்டது என் தப்பு. நீ இதைப் பழையபடி பதினஞ்சுக்கே மாத்திடு. நல்லா ஏத்திப் பாக்கறேன்" என்றார்.

டேப் தேயவில்லை. அந்த மூச்சு என் ஹெட்போனில் துல்லியமாக இருந்தது. மூக்கால் சின்னதாக ஒரு இழுப்பு, பிறகு பாட்டு. இவர் கேட்கிறபடி பதினைந்து டெசிபல் கொடுத்தால் தனக்குக் கேட்கும்வரை ஏற்றுவார். அவருக்குக் கேட்கும்போது மற்ற எல்லோருக்கும் அம்மா கிறீச்சிடுவார். அந்தப் பிள்ளைகள் வீட்டில் காலத்துக்கும் அந்தக் குரல்தான் இருக்கும். அதைச் சொல்ல வேண்டுமென்றால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடிகாரத்தின் டிக் டிக்கைக் கேட்டவரிடம், உங்களுக்குக் காது போய்விட்டது சார் என்று எந்த வாயால் சொல்வது? நான் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்தேன், மூடியில் வைக்கவில்லை.

அப்போதுதான் ஜெபா சாப்பிடக் கூப்பிட வந்தாள். சார் பெரிய மனிதர், அவளை நிற்க வைக்காமல், "நீயும் கேளும்மா, என் வீட்டுக்காரம்மா பாடினது" என்று சொல்லி என் ஹெட்போனைக் கொடுக்கச் சொன்னார். அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அதை மாட்டினாள். பாட்டு ஓடியது. ஒருதரம் முகத்தைச் சுளித்தாள். பிறகு அசையாமல் கேட்டாள்.

"நல்லா பாடுறாங்க சார். கொஞ்சம் காது கூசுது. ஆனா அம்மா மூச்சு இஸ்துக்கிறது கூட கேக்குது. பக்கத்துல குந்திக்கினு பாடுற மாதிரியே கீது."

சார் ஹெட்போனைக் கழற்றினார். "என்னம்மா கேக்குது?" என்றார்.

தவறாக ஏதோ சொல்லிவிட்டோமோ என்று அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் விளக்கினாள். அவள் பிறந்த ஊரில் பெண்கள் ஏரியில் கழுத்தளவு தண்ணீரில் குந்திக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடுகிற பறியைப் பல்லால் கவ்விக்கொண்டிருப்பார்கள். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் அவள் அந்த வேலைக்குப் போனவள்.

"வாயில பறி கீறப்ப பேச முடியாது சார். கண்ணும் தண்ணி மேலயேதான் இருக்கும். பக்கத்துல கீறவ மூக்கால இஸ்துக்கிற மூச்சுதான் அவ கீறானு அடையாளம். அது நின்னுச்சுன்னா உடனே திரும்பிப் பாப்போம். அந்தப் பழக்கத்துல எனக்கு மொதல்ல அதுதான் கேக்கும்."

சார் என் பக்கம் திரும்பினார்.

"உனக்கு?"

"கேக்குது சார்" என்றேன்.

"எல்லா அடியிலயுமா?"

"எல்லாத்துலயும் கேக்குது சார்."

அவர் கையை நீட்டி ட்ரெபிள் குமிழைப் பிடித்தார். ஒவ்வொரு படியாகப் பின்னுக்குக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தினார். பிறகு அடுத்த பெட்டியிலும் அப்படியே. அந்த 'டிக்' சத்தத்தை என்னால் இப்போதும் தாங்க முடியவில்லை. நான் செய்த சுவிட்ச், நான் செய்த படி.

"ட்ரெபிளுக்குப் போற வயரை எடுத்துடு தாஸ். ரெண்டுலயும். குமிழ் அங்கேயே இருக்கட்டும். பழக்கத்துல என் கை போகும். போனா ஒண்ணும் ஆகக்கூடாது" என்றார்.

அங்கேயே சால்டரிங் அயர்னைச் சூடேற்றி வயரை எடுத்து, முனையை மடக்கி இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்தேன். ஷாலினி, நீ பார்த்தது அதுதான். சிடி வெளிவந்தது, அம்மா பாடியது பாடியபடியே. கேட்ட பிள்ளைகள் சாருக்குப் போன் செய்து அழுதார்கள். அவர் ஸ்டூடியோ வேலையைத் தானாகவே விட்டுவிட்டார். சில வருடங்களில் அவரும் போய்ச்சேர்ந்தார். பெட்டிகள் அவர் மகனிடமிருந்து கைமாறிக் கைமாறி உன்னிடம் வந்திருக்கின்றன. இதை எழுத ஆரம்பித்தபோது, தொடாதே என்று சொல்வதற்குத்தான் எழுதினேன். இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. உனக்குக் காது இருக்கிறது, பெட்டியும் உன்னுடையது. டேப்பைப் பிரித்து வயரைப் பற்றவைத்துவிடு. நன்றாக வேலை செய்யும்.

கம்ப்யூட்டரில் பத்தில் ஒரு டெசிபல்கூட எண்ணாகத் தட்டிவிடலாம் என்று சொன்னாய். நல்லதுதான். ஈயத்தை உருக்கி விரலைச் சுட்டுக்கொண்ட வேலை போயிற்றே என்று எனக்கு வருத்தமில்லை. ஏங்குவது அந்த மனிதருக்காக. ரேடியோவில் ஒலியைக் கூட்டும்போது பின்னாலிருந்து யாராவது "ஏத்தின" என்று சொல்ல மாட்டார்களா என்று இருக்கிறது. சொல்ல ஆள் இல்லை என்பது ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் வலிக்கிறது. எதையாவது திரும்பத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தைத்தான் கேட்பேன். அதன் மிச்சத்தை இன்னும் சொல்லவில்லை.

மூடியைப் போட்டு ஸ்குரூவை முடுக்கிய பிறகும் சார் எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டையும் அப்புறம் பார்க்கலாம் என்றுவிட்டார். ஜெபாவை உட்காரச் சொன்னார். "அந்த மூச்சு வரும்போது எனக்குச் சொல்லும்மா" என்றார். சொன்னால் பாட்டைக் கெடுக்கும், பலகையில் தட்டுகிறேன் என்றாள் அவள். அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பலகையில் உள்ளங்கையை விரித்து வைத்தார். எங்களிடம் இருந்தது இன்னொரு ஹெட்போன்தான். அதன் ஒரு காதை ஜெபா வைத்துக்கொண்டாள், மறு காதை நான் வைத்துக்கொண்டேன்.

முதல் பாட்டு. அம்மா மூச்சு எடுக்கும்போதெல்லாம் ஜெபா ஒற்றை விரலால் பலகையில் தட்டினாள். சார் கண்ணை மூடியிருந்தார். ஒவ்வொரு தட்டுக்கும் அவர் புருவம் லேசாக உயர்ந்தது. இரண்டாவது பாட்டிலும் அவள் ஒன்றையும் தவறவிடவில்லை. மூன்றாவது ஒரு தாலாட்டு. அதில் ஒரு வரியை முடித்துவிட்டு அம்மா அடுத்த வரிக்குப் போகாமல் நெடுநேரம் நிறுத்துவார். அந்த நிறுத்தத்தில் ஜெபா பாட்டுக்குள் போய்விட்டாள். கண்ணில் நீர் கோர்த்துக்கொண்டிருந்தது, விரல் அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்டது.

சார் மூக்கால் சின்னதாக மூச்சை இழுத்தார். அதே நொடியில் என் காதில் அம்மாவும் இழுத்தார்.